வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மக்காவ் வரை: கப்ரியேலே தார்க்வீனியின் நெடும்பயணம்

ஃபார்முலா 1 பந்தயம் நடப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆனால் 1989-ல் சில வீரர்களுக்கு அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும்.

அந்த ஆண்டு 39 கார்கள் பெயர் கொடுத்திருந்தன. பந்தயத் தொடக்க வரிசையில் இடம் 26 கார்களுக்குத்தான். தகுதிச் சுற்றில் ஓடவே 30 கார்களுக்குத்தான் அனுமதி. எனவே நல்ல பலன் காட்டாத அணிகளையும் புதிதாக வந்த அணிகளையும் சேர்த்து 13 கார்களை ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு முன் தகுதிச் சுற்று நடத்தினார்கள். பார்வையாளர் மேடைகளில் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஓடுதளத்தில் இரவின் தூசியும் குளிர்ச்சியும் அப்படியே இருக்கும். முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் உள்ளே போவார்கள். மற்ற ஒன்பது பேரும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பெரிய அணிகளின் வீரர்கள் காலை உணவை முடித்துக்கொண்டு வரும்போது, இவர்களுடைய கார்கள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த ஒரு மணி நேரத்தில் அதிக முறை தோற்றவர் என்ற பதிவு இத்தாலியரான கப்ரியேலே தார்க்வீனியின் பெயரில் இருக்கிறது. 25 முறை. ஃபார்முலா 1-ல் மொத்தம் 78 பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்தார். தொடக்க வரிசையில் நின்றது 38 பந்தயங்களில் மட்டும். எடுத்தது ஒரே ஒரு புள்ளி.

இதே மனிதர்தான் 1994-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன், 2003-ல் ஐரோப்பிய சாம்பியன், 2009-ல் 47 வயதில் உலக சாம்பியன். ஒன்பது ஆண்டு கழித்து, 56 வயதில், உலகக் கோப்பையையும் வென்றார். மோட்டார் பந்தய வரலாற்றில் இப்படி ஒரு வாழ்க்கை எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் அமையவில்லை. ஆனாலும் ஃபார்முலா 1 மட்டும் பார்ப்பவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், "தகுதிச் சுற்றுக்கே வராத அந்த ஆளா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தார்க்வீனி 1962 மார்ச் 2 அன்று ஜூலியானோவாவில் பிறந்தார். இத்தாலியின் கிழக்குக் கரையில், அப்ரூட்சோ பகுதியில் இருக்கும் கடலோர ஊர் அது. கார்ட் பந்தயங்களில் பெயர் வாங்கி, 1985-ல் ஃபார்முலா 3000-க்கு வந்தார். ஃபார்முலா 1-க்கு நேர் கீழ்ப்படியாக இருந்த தொடர் அது. 1987-ல் இமோலாவில் ஒசெல்லா அணி ஒரு பந்தயத்துக்கு மட்டும் அவருக்குக் கார் கொடுத்தது. மறு ஆண்டு கொலோனி அணியில் முழுப் பருவம். இரண்டுமே கையளவு ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டிய சின்ன அணிகள்.

1989-ல் அவர் சேர்ந்த புதிய அணியின் கார் போட்டிக்கே வராமல் போனது. அதே மார்ச்சில் பிரேசிலில் நடந்த சோதனை ஓட்டத்தில், ஏ.ஜி.எஸ். என்ற பிரெஞ்சு அணியின் வீரர் ஃபிலிப் ஸ்ட்ரைஃப் விபத்தில் சிக்கினார். உயிர் பிழைத்தார், ஆனால் அதன்பின் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். அந்த இருக்கைக்குத்தான் தார்க்வீனி அழைக்கப்பட்டார். இன்னொருவர் உடைந்துபோன இடத்தில் உட்கார்ந்து கார் ஓட்டுவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

உட்கார்ந்தவர் ஓட்டியும் காட்டினார். முதல் பந்தயமான இமோலாவில் எட்டாம் இடம். மெக்சிகோவில் ஆறாம் இடம். அந்நாளில் ஆறாம் இடத்துக்குத்தான் கடைசிப் புள்ளி. ஃபீனிக்ஸில் ஏழாம் இடம். தென் பிரான்சின் கோன்ஃபரோன் கிராமத்தில் கார் பழுதுபார்க்கும் கூடத்திலிருந்து வளர்ந்த அணிக்கு இது பெரிய காரியம்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. முன் தகுதிச் சுற்றில் யார் ஓட வேண்டும் என்பதைப் பருவத்தின் பாதியில் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் ஏ.ஜி.எஸ். கீழே போய்விட்டது. அதுவரை நேராகத் தகுதிச் சுற்றுக்குப் போன தார்க்வீனி, ஜெர்மனி பந்தயத்திலிருந்து காலை எட்டு மணி வரிசையில் நின்றார். மீதமிருந்த எட்டுப் பந்தயங்களில் ஒன்றில்கூட அவர் அந்த மணி நேரத்தைத் தாண்டவில்லை. மே மாதம் உலகின் ஆறாவது ஆளாகக் கோட்டைக் கடந்தவர், ஜூலை நடுவிலிருந்து ஞாயிற்றுக்கிழமையையே பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் யாருக்கும் கார் ஓட்டுவது மறந்துவிடாது. பணமில்லாத அணியின் கார் அப்படியே நிற்க, மற்றவர்களின் கார்கள் மாதாமாதம் மெருகேறிக்கொண்டே போயின. விஷயம் அவ்வளவுதான்.

1990-லும் 1991-லும் இதே கதை நீண்டது. 1991 இறுதியில் ஃபோண்ட்மெட்டல் அணிக்கு மாறினார். 1992-ல் அந்த அணியின் புதிய கார் உண்மையிலேயே வேகமாக இருந்தது. பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் பதினோராவது இடத்திலிருந்து கிளம்பினார். ஆனால் அந்தக் கார் அடிக்கடி பாதியில் நின்றுபோனது. பருவம் முடிவதற்குள் அணியிடம் பணமும் தீர்ந்தது. 1995-ல் டைரல் அணிக்காக ஒரே ஒரு பந்தயம் ஓட்டியதோடு அந்த அத்தியாயம் மூடப்பட்டது.

இனி டூரிங் கார் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் இந்த மனிதரின் இரண்டாம் வாழ்க்கை புரியும்.

டூரிங் கார் பார்வைக்கு நம் தெருவில் ஓடும் கார்தான். கூரை, கதவு, முன்விளக்கு எல்லாம் இருக்கும். கடையில் விற்பனைக்கு இருக்கிற மாதிரியை எடுத்து, உள்ளே இருக்கைகளையும் விரிப்புகளையும் பிய்த்தெறிந்து, இரும்புக் குழாய்களால் ஒரு பாதுகாப்புக் கூண்டு பற்றவைத்து, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் விதி அனுமதிக்கும் எல்லை வரை மாற்றுவார்கள். ஃபார்முலா காரில் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு சக்கரத்தோடு உரசினால் கார் ஆகாயத்தில் பறக்கும். டூரிங் காரில் சக்கரங்கள் மூடியிருப்பதால் கதவோடு கதவு இடித்துக்கொண்டு வளைவுக்குள் போகலாம். போவார்கள். பந்தயம் முடிந்து வரும் கார்களைப் பாருங்கள்: பக்கவாட்டுக் கண்ணாடி இருக்காது, கதவெல்லாம் அடுத்த காரின் சக்கரம் தேய்த்த கறுப்பு வட்டங்கள் இருக்கும்.

பெரும்பாலான டூரிங் கார்கள் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. தார்க்வீனியின் வாழ்க்கையில் மிக முக்கியமான நுட்பம் இதுதான் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட காரில் இரண்டு முன் டயர்கள் மூன்று வேலை செய்கின்றன. காரை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகின்றன. பின் டயர்களுக்குப் பெரிதாக வேலை இல்லை, சும்மா உருண்டு வருகின்றன. எனவே முதல் சில சுற்றுகளில் முன் டயர்கள் சூடாகிப் பிடிப்போடு இருக்க, பின் டயர்கள் குளிர்ந்தே கிடக்கும். காரின் பின்பகுதி எந்த வளைவிலும் வழுக்கிக்கொண்டு போகலாம். அப்போது பின்சக்கர இழுவைக் காரில் பழகியவரின் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டுவிடும். முன்சக்கரக் காரில் அது தப்பு. வழுக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், முன்சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கும். உடம்பு பயந்து செய்ய நினைப்பதற்கு நேர் எதிரானதைக் கால் செய்ய வேண்டும். பத்துச் சுற்றுக்குப் பிறகு கதை தலைகீழாகும். முன் டயர்கள் களைத்துப்போய், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். யார் தொடக்கத்தில் அவசரப்படாமல் முன் டயரைச் சேமித்தாரோ அவர் கடைசியில் முன்னால் வருவார்.

அடுத்தது சமன்படுத்தும் விதிகள். பல டூரிங் கார் தொடர்களில் வெற்றி பெற்றால் அடுத்த பந்தயத்தில் காருக்குள் கூடுதல் எடை வைப்பார்கள். சில ஆண்டுகளில் அது 70 கிலோ வரை போனது, ஒரு பெரிய ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி. இரண்டாம் பந்தயத்தில் முன்னணி இடங்களை அப்படியே திருப்பிப் போடுவதும் உண்டு. எட்டாமவர் முதலில் நிற்பார், முதலாமவர் எட்டாம் இடத்தில் நிற்பார். ஃபார்முலா 1 ரசிகர்கள் இதைச் செயற்கை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1989-ன் வெள்ளிக்கிழமைக் காலையில் அளக்கப்பட்டது அணியின் கஜானா. எல்லாக் கார்களையும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், மிச்சம் இருக்கிற வித்தியாசம் ஓட்டுபவரின் கையிலும் தலையிலும் இருப்பதுதான். தார்க்வீனிக்கு இருபதுகளில் கிடைக்காத சமதளம் முப்பதுகளில் கிடைத்தது.

1993-ல் இத்தாலிய டூரிங் கார் தொடரில் ஆல்ஃபா ரோமியோ 155 ஓட்டிக்கொண்டிருந்தவரை, மறு ஆண்டு ஆல்ஃபா இங்கிலாந்துக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடர் அப்போது உச்சத்தில் இருந்தது. ஃபோர்டு, வாக்ஸால், பிஎம்டபிள்யூ, ரெனோ, டொயோட்டா, நிசான் என்று நிறுவனங்கள் நேரடியாக மோதிக்கொண்டிருந்தன. அங்கே போய் முதல் ஐந்து பந்தயங்களையும் வரிசையாக வென்றார் தார்க்வீனி. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பந்தயத்தை முடிப்பதே பெரும்பாடாக இருந்த ஆள்.

இந்த ஐந்து வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். விதிப்படி, பந்தயக் காரில் இறக்கை வைக்க வேண்டுமானால் கடையில் விற்கும் காரிலும் அது இருக்க வேண்டும். அப்படி 2,500 கார்கள் தயாரித்தாக வேண்டும். ஆல்ஃபா 155-ல் 'சில்வர்ஸ்டோன்' என்ற தனி மாதிரியை விற்பனைக்கு விட்டது. அதன் பின் இறக்கையை உயர்த்துவதற்கான உதிரிப்பாகங்களைக் காரில் பொருத்தாமல், வாங்குபவருக்குப் பின்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். முன்பக்கக் காற்றுத் தடுப்பையும் முன்னால் நீட்டி வைக்கலாம். சாலையில் யாரும் அதைப் பொருத்திக்கொண்டு போகப் போவதில்லை. பந்தயத்தில் ஆல்ஃபா பொருத்தியது. காற்று காரைத் தரையோடு அழுத்தியது, வேக வளைவுகளில் மற்றவர்களால் கிட்டே வர முடியவில்லை.

போட்டி அணிகள் கொதித்தன. புகார் போனது. ஓல்டன் பார்க் ஓடுதளத்தில் அதிகாரிகள் அந்த இறக்கை செல்லாது என்றபோது, ஆல்ஃபா அணி கார்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு அந்த வாரப் பந்தயத்தையே விட்டு வெளியேறியது. பிறகு சமரசம் பேசித் திரும்ப வந்தார்கள். இறக்கையின் பலம் குறைந்தபின் வெற்றிகள் எளிதாக வரவில்லை. பிஎம்டபிள்யூவும் ரெனோவும் நெருக்கின. ஸ்காட்லாந்தின் நாக்ஹில்லில் தார்க்வீனியின் கார் பல முறை குட்டிக்கரணம் போட்டு நொறுங்கியது. ஆனாலும் ஆண்டு முடிவில் பட்டம் அவருக்குத்தான் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எல்லா அணிகளுக்கும் இறக்கை அனுமதிக்கப்பட்டது.

அது இறக்கையின் பட்டமா, தார்க்வீனியின் பட்டமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. முதல் ஐந்து வெற்றிகளில் இறக்கைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அனுகூலம் போனபின், பாதி ஆண்டுக்கும் மேல் அந்த முன்னிலையைக் கட்டிக் காத்தது ஓட்டியவர்தான். வெல்ல முடியாத நாளில் இரண்டாமிடம், அதுவும் முடியாதபோது நான்காமிடம் என்று புள்ளிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் குணம் அந்த ஆண்டில்தான் அவரிடம் தெளிவாகத் தெரிந்தது. பின்னாளில் அவர் வென்ற ஒவ்வொரு பட்டமும் இந்தக் குணத்தால் வந்தது.

நடுவில் இருந்த ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஹோண்டா அக்கார்டில் இங்கிலாந்து, ஜெர்மனி, மீண்டும் இங்கிலாந்து. வெற்றிகள் வந்தன, பட்டம் வரவில்லை. 2003-ல் ஆல்ஃபாவுக்குத் திரும்பி, 156 ஜிடிஏ காரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். பிஎம்டபிள்யூவின் யோர்க் முல்லரை மயிரிழையில் முந்திய பட்டம் அது. வயது 41. பெரும்பாலான பந்தய வீரர்கள் அந்த வயதில் தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருப்பார்கள்.

2005-ல் ஐரோப்பியத் தொடர் உலக சாம்பியன்ஷிப்பாக விரிந்தது. 2006-ல் தார்க்வீனி சேயாட் அணியில் சேர்ந்தார். நமக்குத் தெரிந்த டயர் நிறுவனம் அல்ல இது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த ஸ்பானிஷ் கார் நிறுவனம். அந்த அணிதான் இந்தத் தொடருக்கு டீசல் காரைக் கொண்டுவந்தது. லியோன் டிடிஐ. டீசல் என்றால் லாரியும் டிராக்டரும் நினைவுக்கு வந்த காலம் அது. டர்போ பொருத்திய இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போல உச்ச வேகத்துக்குச் சுழலாது. ஆனால் கீழ்ச் சுழற்சியிலேயே பெரும் இழுவிசை கொடுக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் முதுகில் உதைத்தது போலப் பாயும். அந்த இழுவிசை முழுவதும் முன் டயர்கள் இரண்டின் மேல்தான் விழும். கனமான எஞ்சினின் பாரமும் அவற்றின் மேல்தான். காலை அழுத்தினால் டயர் தேய்ந்தே போகும். அவசரக்காரருக்கு அந்தக் கார் ஐந்து சுற்று நண்பன், பிறகு எதிரி. பதினைந்து ஆண்டுகளாக முன்சக்கரக் கார்களின் பாஷையைக் கற்றிருந்த தார்க்வீனிக்கு இதைவிடப் பொருத்தமான கார் இருந்திருக்க முடியாது.

அதே அணியில் இன்னொரு கெட்டிக்காரரும் இருந்தார், பிரான்சின் இவான் முல்லர். தார்க்வீனியைவிட ஏழு வயது இளையவர். 2008-ல் முல்லர் உலக சாம்பியன், தார்க்வீனி இரண்டாமிடம். ஒரே அணி, ஒரே கார். தோற்றதற்குக் காரைக் காட்ட முடியாது.

2009-ன் கடைசிப் பந்தயங்கள் சீனாவின் மக்காவ் நகரில். பட்டம் யாருக்கு என்பது அங்கேதான் தீர வேண்டியிருந்தது.

மக்காவ் நகரின் கியா ஓடுதளம் நகரச் சாலைகளால் ஆனது. நீளம் 6.12 கிலோமீட்டர். கடலோரமாக ஒரு நீண்ட நேர்பாதையில் கார்கள் முழு வேகத்தில் வந்து, லிஸ்போவா ஹோட்டலின் அருகே செங்கோணமாக வலதுபக்கம் திரும்ப வேண்டும். முதல் சுற்றில் அத்தனை கார்களும் ஒரே இடத்தில் பிரேக் போடும். அங்கே யாராவது ஒருவர் தடுப்பில் மோதாத ஆண்டு அரிது. அதைத் தாண்டினால் சாலை குன்றின்மேல் ஏறுகிறது. இருபுறமும் இரும்புத் தடுப்பு. ஓரத்தில் புல்லோ மணலோ கிடையாது. வீடுகளுக்கும் சுவர்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து, மெல்கோ என்ற கொண்டையூசி வளைவுக்கு இறங்குகிறது. சாலையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏழு மீட்டர்தான். மெல்கோவில் முந்துவதற்கே அனுமதி இல்லை. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து திரும்பும். இன்னொரு ஓடுதளத்தில் அரை மீட்டர் தவறினால் புல்லில் இறங்கித் திரும்ப வரலாம். மக்காவ் நகரில் அரை மீட்டர் என்பது சஸ்பென்ஷன் உடைந்து பந்தயம் முடிவது. பட்டத்துக்காக ஓடுபவர் இங்கே வேகமாகவும் ஓட்ட வேண்டும், சுவரையும் தொடக்கூடாது, பின்னால் வருபவர் இடித்தாலும் நேராக நிற்க வேண்டும்.

நவம்பர் 22 அன்று தார்க்வீனி பட்டத்தோடு வீடு திரும்பினார். ஆண்டின் இறுதிக் கணக்கு: தார்க்வீனி 127, முல்லர் 123. நான்கு புள்ளி. ஒரு ஆண்டு முழுக்க உலகம் சுற்றிய பந்தயங்களின் கூட்டுத்தொகையில் நான்கே புள்ளி.

வயது 47. கார் பந்தயத்தில் மிக மூத்த உலக சாம்பியன் என்ற பெருமை அதுவரை யாரிடம் இருந்தது தெரியுமா? ஹுவான் மனுவேல் ஃபான்ஜியோவிடம். 1957-ல், தன் 46-ஆம் வயதில் அவர் வென்ற ஐந்தாவது ஃபார்முலா 1 பட்டம் அது. ஐம்பத்திரண்டு ஆண்டு யாரும் நெருங்காத அந்தப் பெருமையைப் பெற்றவர், ஃபார்முலா 1 வரலாற்றில் வாசலிலேயே அதிக முறை திருப்பி அனுப்பப்பட்ட மனிதர். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பட்டம் வென்ற கையோடு சேயாட் நிறுவனம் அதிகாரபூர்வ அணியைக் கலைத்துவிட்டது. முல்லர் செவர்லேவுக்குப் போய் 2010, 2011 இரண்டையும் வென்றார். தார்க்வீனி பழைய சேயாட் கார்களைத் தனியார் அணிகளோடு ஓட்டினார்; 2010-ல் இரண்டாமிடமும் பிடித்தார். 2013-ல் ஹோண்டா சிவிக்கில் மறுபடி இரண்டாமிடம், முதலிடம் மறுபடி முல்லர். 2016-ல் ரஷ்யாவின் லாடா அணியில் வெற்றி கண்டார். அந்த ஆண்டு முடிவில் லாடாவும் விலகியது. 54 வயது, கையில் இருக்கை இல்லை. ஓய்வு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அப்போது அழைத்தது ஹூண்டாய். ஹூண்டாய் என்றதும் நமக்கு இருங்காட்டுக்கோட்டை ஆலைதான் நினைவுக்கு வரும். பந்தயக் கார்களை அவர்கள் உருவாக்குவது ஜெர்மனியின் ஆல்ட்செனவ் நகரில். டிசிஆர் என்ற புதிய வகைப் பந்தயத்துக்காக ஐ30 என் என்ற காரைச் செய்துகொண்டிருந்தார்கள். நிறுவனங்கள் தாங்களே அணி வைத்து ஓட்டாமல், காரைச் செய்து தனியார் அணிகளுக்கு விற்கும் முறை இது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இழுவை, விலைக்கும் உச்சவரம்பு. விற்பனைக்கான பந்தயக் கார் என்றால் அது உலக சாம்பியன் கையில் மட்டும் வேகமாக ஓடினால் போதாது. வார இறுதியில் பந்தயம் ஓட்டும் வியாபாரி கையிலும் அடங்க வேண்டும். எந்த வளைவில் பின்பகுதி பயமுறுத்துகிறது, எந்த அமைப்பில் முன் டயர் எட்டுச் சுற்றில் களைக்கிறது, எதை மாற்றினால் பன்னிரண்டு சுற்று தாங்கும் என்று பொறியாளருக்குச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். ஹூண்டாய் இந்த வேலையைத் தார்க்வீனியிடம் கொடுத்தது.

2017 அக்டோபரில் சீனாவின் செஜியாங் ஓடுதளத்தில் அந்தக் கார் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது. தார்க்வீனி ஓட்டினார், முதல் பந்தயத்திலேயே வென்றார். 2018-ல் உலக டூரிங் கார் தொடர் டிசிஆர் கார்களுக்கு மாறியது. ஏப்ரலில் மொராக்கோவின் மராகெஷ் நகரில் புதிய தொடரின் முதல் பந்தயம். வென்றவர் 56 வயதுக்காரர்.

வயதாகியும் எப்படி முடிந்தது? ஃபார்முலா காரில் காற்றழுத்தத்தின் பலத்தால் வளைவுகளில் கழுத்தையும் விலாவையும் முறுக்கும் விசை உடம்பில் இறங்கும். அது இளைஞர்களின் உடம்பைக் கேட்கும். டூரிங் காரில் அந்த விசை குறைவு. ஆனால் மூடிய கூண்டுக்குள் அடுப்படி வெப்பத்தில், பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர் என்று நெருக்கும்போது முடிவெடுப்பது வேறு வேலை. பின்னால் வருபவர் இந்த வளைவில் உள்பக்கம் பாய்வாரா, அடுத்த வளைவுக்குக் காத்திருப்பாரா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு ஒருவரோடு பதினைந்து ஆண்டு மோதியிருப்பது உதவும். கண்ணின் வேகம் வயதோடு குறைந்தாலும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கண் அவ்வளவு ஓட வேண்டியதில்லை. இளையவர்கள் தகுதிச் சுற்றில் அவரை அவ்வப்போது முந்தினார்கள். பந்தயத்தில், அதிலும் கடைசி நான்கைந்து சுற்றுகளில், அவரைத் தாண்டிப் போவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

2018-ன் இறுதிக் கட்டமும் மக்காவ்தான். எதிரியும் முல்லர்தான், இந்த முறை அவரும் ஹூண்டாய் காரில், வேறு அணியில். பத்து வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று, ஆக 30 பந்தயங்கள். கணிசமான முன்னிலையோடு வந்த தார்க்வீனிக்கு அந்த வாரம் சுலபமாக இருக்கவில்லை. முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. முடிவில் 306-க்கு 303. மூன்று புள்ளி. அந்த ஆண்டிலிருந்து தொடரின் அதிகாரபூர்வப் பெயர் உலக சாம்பியன்ஷிப் அல்ல, உலகக் கோப்பை. எனவே பதிவேட்டில் இது 2009-க்குச் சமமான பட்டமாக எழுதப்படாது. ஓட்டியவர்கள் அதே ஆட்கள், ஓடிய ஊர் அதே ஊர், ஜெயித்தவர் ஒன்பது வயது கூடிய அதே மனிதர். பெயர்ப்பலகை மாறியதற்காக நான் அதைக் குறைத்துப் பார்க்க மாட்டேன்.

மறு ஆண்டு அதே அணியில் அவரோடு ஓடிய ஹங்கேரிக்காரர் நார்பர்ட் மிக்கேலிஸ் கோப்பையை வென்றார். தார்க்வீனி பெரிதும் உழைத்துச் செப்பனிட்ட அதே காரில்.

2021 அக்டோபரில் ரஷ்யாவின் சோச்சியில் தார்க்வீனி கடைசியாகப் போட்டியிட்டார். வயது 59. மறு ஆண்டு அதே அணிக்கு நிர்வாகப் பொறுப்பில் வந்து, தலைக்கவசத்துக்குப் பதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஓடுதளத்தோரம் அணியினர் நிற்கும் பிட் சுவரருகே நின்றார். அந்தப் பருவத்தின் கோப்பையை அவருடைய அணியின் மிக்கேல் அஸ்கோனா வென்றார். அஸ்கோனாவுக்கு அப்போது 26 வயது. அந்த வயதில்தான் தார்க்வீனி, 1988-ல், கொலோனி காரோடு ஒவ்வொரு ஊராகப் போய் இந்த ஞாயிற்றுக்கிழமையாவது ஓட்ட விடுவார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.